மாம்புரி றஸீன் காற்றை அளந்த காதை

உப்புக்காற்றுண்டு வளர்ந்தோனே, கோணமானியைக் கேடயமாய்த் தரித்தோனே, ஓரடிக்கு முன் ஓராயிரம் யோசிக்கும் கோல்ஃப் குலதிலகனே, மாம்புரி றஸீனே, நீ வாழி!

போர் ஓய்ந்து கடலோரமெங்கும் ஹோட்டல்கள் முளைத்த காலை, தென்னந்தோப்பொன்றை மழித்துக் கோல்ஃப் குழிதோண்டிய ஹோட்டலுக்குச் சம்பள வீரனாய் முடிசூடிய அம்மாவீரன், காற்றை எடைபோட்டான், புல்லின் சாய்வை ஆராய்ந்தான், மண்ணை நக்கி ஈரமறிந்தான். ஒவ்வொரு தோல்விக்கும் அவனிடம் துல்லியமான விளக்கமிருந்தது. வெற்றிக்கு அந்தத் தேவை இன்னும் வரவில்லை.

ஆதலின் ஹோட்டல் முகாமையாளர் உசனார் இடியென முழங்கினார்: "தம்பி றஸீன், இந்தக் கிண்ணமும் தோத்தா நீங்க புல்லுக்குத் தண்ணி விடுற வேலதான். சொல்லிட்டேன்."

எதிர்த்து நின்றவன் அடுத்த ஹோட்டலின் படகோட்டி நிலுக்சன். யோசனையெனும் பிணி தீண்டாதவன். துடுப்புப்போல் கோலைப் பிடித்து அடித்துவிட்டு அடித்த இடத்தையே மறப்பவன். கடைசிக் குழியையும் அவன் முடித்துவிட்டான். றஸீனின் பந்தோ குழிக்கு ஒரு முழத்தில் கிடந்தது. ஒரே தட்டு, கிண்ணமும் கைக்கு வரும், வேலையும் தப்பும்.

தட்டினானா தானைத்தலைவன்? இல்லை. களம்பட்ட களிறெனப் புல்லில் குப்புற வீழ்ந்து, ஒற்றைக்கண் மூடி, லேஞ்சியெனும் கைக்குட்டையை உயர்த்திக் காற்றை நோட்டமிட்டான். கச்சான் காற்று எழுந்தது. நண்பகலில் எழும் கச்சான் அந்திநேர மஃரிபுத் தொழுகைக்கு முன் அடங்காதென்பதை இக்கரையின் கழுதைகளும் அறியும். அவனும் அறிவான். ஆயினும் வெள்ளைக்காரர் வீடியோவில் அவன் கற்ற கணக்கு, காற்று நொடியில் ஓயும் என்றது.

"அடங்கட்டும்!" என்று திசையெட்டும் கேட்க அறிவித்தான். தன் மூளையை நினைக்க அவனுக்கே மெய்சிலிர்த்தது.

அசைந்தது பந்து! புறமுதுகிட்ட படையென அது சரிவில் உருளலாயிற்று. கையால் தடுத்தல் போர்முறையன்று. காற்று விட்ட இடத்திலிருந்தே அடித்தாக வேண்டும்.

"றஸீன் நானா, பந்து போகுது! ஓடிப்போய் அடிங்க!" என்று எதிரியே இரங்கிக் கதறினான்.

"பொறுடா, வேகத்தப் பாக்குறேன்."

பார்த்தான். பார்த்துக்கொண்டே பின்தொடர்ந்தான். பந்து களப்பு நீரின் ஓரச் சேற்றில் இளைப்பாறியபின், சினவேங்கையெனப் பாய்ந்து, சேற்றை விண்ணுக்கும் தன் முகத்துக்கும் வாரியிறைத்து, பத்து முறை அடித்தும் பந்தை வெளியேற்ற முடியாமல், பதினோராவதற்கான கோணத்தை அவன் கணித்துக்கொண்டிருக்கையில் நிலுக்சன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் றஸீன் புல்லுக்குத் தண்ணீர் விட்டான்.