'உஷ்' அண்ணன் போட்ட சத்தம்

தும்மியவனை நடு ஏரியில் இறக்கிவிடும் படகுக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். கோட்டைக்குப்பத்து 'உஷ்' அண்ணன்.

பயப்பட வேண்டாம், பழவேற்காடு ஏரி அங்கே முழங்கால் ஆழம்தான். மீதி சேறு. தூரத்தில் பூநாரைகள் தெரிந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டுப் படகு தள்ளும் கோலை எடுப்பார். அதற்குப் பிறகு யார் சத்தம் போட்டாலும் இறங்கிப் படகுக்குப் பின்னால் நடந்து வர வேண்டும். செல்போன் பாடியதற்காக ஒரு பெரிய அதிகாரி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். தும்மலுக்காக நானும்.

"அதுங்க சாப்புடற எடத்துல போய் கத்துவியா?" என்பார். துட்டு வாங்கிக்கொண்டு பறவைகளைக் கிளப்பிக் காட்டும் படகுக்காரர்களோடு டீ கூடக் குடிக்கமாட்டார். "வெல போனவனுங்க."

போன தை மாதம் ஒரு கல்யாண ஜோடியும் போட்டோகிராபரும் ஏறினார்கள். ஓசியில் நானும்.

பூநாரைகளை நெருங்கியதும் போட்டோகிராபர் கிசுகிசுத்தார்: "அண்ணே, மொத்தமும் ஒண்ணா பறக்கணும். இருவதாயிரம் தர்றேன்."

அண்ணன் முறைத்தார். அப்போது அவர் இடுப்பில் செல்போன் அதிர்ந்தது. மகள். அவர் உண்டாக்கிய நிசப்தத்தில் அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"நைனா, நாளைக்குள்ள பீஸ் கட்டலேன்னா நர்சிங் சீட்ட வேற பொண்ணுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"பாக்கறேன்மா" என்று மூச்சாலேயே சொன்னார்.

"இருவத்தஞ்சு" என்றார் போட்டோகிராபர்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவன் சார். இத்த செஞ்சா நானும் வெல போனவன்தானே?"

வழுக்கைத் தலையோடு கூந்தல் தைலத்துக்குப் புகழ்மாலை எழுதிப் பிழைப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? "பொண்ணுக்காகத்தானே அண்ணே" என்றேன்.

"நான் அத்த கேக்கல."

கோல் சேற்றில் அசையாமல் நின்றது. நூறு பூநாரைத் தலைகள் தண்ணீருக்குள் மேய்ந்துகொண்டிருந்தன. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை வருஷம் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்துக் கத்தினார்.

ஏரி அப்படியே எழுந்து வானத்துக்குப் போனது. அந்தப் படத்தில் மாப்பிள்ளை முகத்தில் தெரிவது காதல் அல்ல, பீதி.

பணத்தை வாங்கி மடியில் செருகினார். கோலைப் போட்டோகிராபர் கையில் கொடுத்தார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"இன்னாண்ணே பண்ற?" என்றார் போட்டோகிராபர்.

"சத்தம் போட்டேன்ல."

தலையைக் குனிந்தபடி படகுக்குப் பின்னால் நடந்து வந்தார். கரை வெகு தூரம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வராத தும்மலை வரவழைத்துப் பலமாக ஒன்று போட்டுவிட்டு, நானும் இறங்கினேன்.