படலையடிக்கு வந்த அதிகாரம்

கொக்குவில்,
புரட்டாதி மாதம்.

அன்புள்ள மைத்துனர் சுபாஸ்கரன் அவர்களுக்கு,

பிள்ளையார் கிருபையால் நாங்கள் இங்கே சுகம். நீரும் மனைவி மக்களும் கனடாவில் குளிரோடும் வீட்டுக்கடனோடும் சுகமாக இருக்க அவரே துணை. இதை வாட்ஸ்அப்பில் சொல்லலாமே என்று உம்முடைய அக்கா பூரணம் சொன்னா. அதை எவன் ஒட்டுக் கேட்கிறானோ யாருக்குத் தெரியும்? கடிதத்தை உடைத்தால் அடையாளமாவது இருக்கும். நான் கூட்டுறவுச் சங்கங்களைப் பரிசோதித்தே பென்சன் எடுத்தவன். சீனி மூட்டை தானாக மெலியாது என்பது எனக்குத் தெரியும்.

விசயத்துக்கு வருகிறேன். கீர்த்திகாவின் கலியாணம் தையில். வீட்டுக்கு முன்னால் போகிற எங்கள் ஒடுங்கின ஒழுங்கை மாரி மழையில் எப்படி இருக்கும் என்று உமக்குத் தெரியும், வடிய வழியில்லாமல் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். போன மாரியில் சாவகச்சேரியிலிருந்து பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மா வாசல் படலையடியில் ஒரு செருப்பைத் தொலைத்தா, இன்றுவரை கிடைக்கவில்லை. வீட்டு முற்றத்தில் வேண்டாம், மண்டபத்தில் வைப்போம் என்றால் கீர்த்திகா, "நான் இந்த வீட்டு முத்தத்திலை இருந்துதான் போவன் அப்பா" என்கிறாள். ஒரே பிள்ளை, அவள் அப்படிச் சொன்னால் நான் மறுப்பேனா? ஆகவே மாரிக்கு முன் ஒழுங்கைக்கு வாய்க்கால் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

போன தேர்தலில் எங்கள் வட்டாரத்துக்குத் தக்சாயினி என்றொரு பிள்ளை பிரதேச சபை உறுப்பினராக வந்திருக்கிறது. அது ஸ்கூட்டியில் வந்து இறங்கி, "ஐயா, வாய்க்கால் எந்தப் பக்கத்தாலை போனால் நல்லது எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றது. எனக்குத் திக்கென்றது. நீர் போன முறை வந்தபோது மாம்பழம் சாப்பிட்டபடி விளக்கினீரே, கனடா சமஷ்டி நாடு, மேலே மத்தி, நடுவில் மாகாணம், அடியில் நகரசபை, குப்பை வாளியின் நிறத்துக்குக்கூடச் சனத்திடம் கேட்பார்கள் என்று. பிறகு மெதுவாக, மாகாணம் நினைத்தால் நகரசபைகளை ஒன்றாகச் சேர்த்துவிடலாம், அவற்றால் தடுக்க ஏலாது என்றும் சொன்னீர். அங்கேயும் ஏதோ இருக்கிறது என்று அப்போதே நினைத்தேன். அதிகாரம் கீழே இறங்க வேண்டும் என்று வாலிபத்திலிருந்து ஒரு கூட்டம் விடாமல் போய்க் கைதட்டியவன் நான். அது இறங்கி இறங்கி என் படலையடிக்கே வந்து அபிப்பிராயம் கேட்கும் என்று யார் கண்டது? கேட்காமல் செய்தால் அது வழமை. கேட்டுச் செய்தால் உள்ளே என்னவோ உண்டு.

யோசித்துப் பார்த்தேன். எங்கள் பக்கம் என்று வாயைத் திறந்தால் ஒரு முழக் காணி போகும், பிறகு றோட்டை அகலிப்பார்கள், பிறகு வீட்டுக்குச் சபை அறவிடும் சோலைவரியைக் கூட்டுவார்கள். எதிர்ப்பக்கம் நல்ல வசதி என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக் கனகலிங்கம் என்ன சொன்னார் தெரியுமோ? எங்கள் பக்கம்தான் பள்ளமாம். என்ன மனிசன் பாரும். சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தபோது இடப்பக்கத்தார் எல்லோரும் வலப்பக்கம் என்றார்கள், வலப்பக்கத்தார் எல்லோரும் இடப்பக்கம் என்றார்கள், ஒருவர் நடுவால் விடச் சொன்னார். மாரிக்கு முன் முடிவு சொல்லாவிட்டால் வாய்க்கால் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும் என்றது அந்தப் பிள்ளை. வெருட்டுகிறார்கள் என்று உடனே விளங்கிவிட்டது.

ஆனால் கடவுள் இருக்கிறார். முந்தாநாள் தொடக்கம் எங்கள் மதிலோரமாகப் பெக்கோ மெசின் போட்டு மண் வெட்டுகிறார்கள். பதறிப்போனேன். பூரணம்தான் போய் விசாரித்து, ரெலிபோன்காரர் கேபிள் தாழ்க்கினமாம் என்று வந்து சொன்னா. கேபிள் வந்துவிட்டால் சபை எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காது! நானே விடியக்காலை எழும்பி நின்று பார்க்கிறேன், வேலையாட்களுக்குப் பிளேன்ரீ கொடுக்கிறேன், ஆழம் காணாது இன்னும் வெட்டு என்கிறேன். வாட்டம் பிழையாக இருந்தது, குளத்துப் பக்கம் சரித்து வெட்டப் பண்ணினேன். கேபிளுக்கு ஏன் இவ்வளவு அகலம், ஏன் கொங்கிறீற் என்று கேட்டேன். இப்போது வருவதெல்லாம் தடித்த, மொத்தமான கேபிள் என்று பூரணம் சொன்னா. இந்த ஒழுங்கையிலேயே நான் நம்புகிற ஒரே ஆள் உம்முடைய அக்காதான்.

நீர் செய்ய வேண்டியது, சபைகள் அபிப்பிராயம் கேட்டுக் காணி பிடிக்கும் விதம் பற்றி அங்கே ஒரு நல்ல சட்டத்தரணியிடம் விசாரித்து எழுதும். கலியாணத்துக்கு முன் வாய்க்காலை எப்படியாவது கனகலிங்கத்தின் பக்கம் தள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உம்முடைய மனைவிக்கு எங்கள் அன்பு. எல்லாம் வல்லவர் உம்மைக் காப்பாராக, நீரும் கொஞ்சம் கவனமாயிரும்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்
தில்லைநாதன்

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதிறன். ஒட்டச் சொல்லிக் கடிதத்தை என்னட்டைத் தந்திட்டுப் போட்டார். அது கேபிள் இல்லை, வாய்க்கால்தான். எங்கடை பக்கம் சம்மதம் எண்டு நான்தான் தக்சாயினி பிள்ளையிட்டைச் சொன்னனான். காணியும் போகேல்லை, அது ஒழுங்கை நிலம். சட்டத்தரணி ஒருத்தரும் வேண்டாம், நீ ரிக்கற்றைப் போட்டுக்கொண்டு வா. கலியாணம் வீட்டு முத்தத்திலைதான். சபை வரைஞ்ச வாட்டம் பிழையாம், அத்தான் நிண்டு சரிக்கப் பண்ணினதாலைதான் தண்ணி வடியுமாம், அந்தப் பிள்ளையே வந்து சொல்லிச்சுது. அப்பிடிப் பார்த்தால் சபை அவரிட்டைக் கேட்டுத்தான் கட்டியிருக்கு. அதை மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதை, சந்தேகப்பட்டு மூடிப்போடுவார்.