சுக்கான் வேணுமா, வாணாமா?

வடக்கனந்தல் ஏரியில் தனசேகரனின் புதுப் படகு மறுபடியும் ஒரு வட்டம் அடித்துவிட்டு, கருவேல மரத்துக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. துடுப்பை எந்தப் பக்கம் போட்டாலும் அதற்குத் தெரிந்தது வட்டம் ஒன்றுதான்.

ஓர் ஆள் உட்கார்ந்து மீன் பிடிக்கும் கயாக் அது. ஆன்லைனில் வரவழைத்து, சீட்டு முதற்கொண்டு எல்லாவற்றையும் தானே பூட்டியிருந்தார். மதியம் மாமியார் வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். கடை மீனே வேண்டாம், நானே பிடித்து வருகிறேன் என்று மனைவி நிர்மலாவிடம் சொல்லியிருந்தார். அவளும் நம்பி மிளகாய் அரைத்துவிட்டாள்.

கரையிலிருந்த மைத்துனன் தமிழ்வேந்தன் நிதானமாகச் சொன்னான்: "மாமா, பின்னாடி சுக்கான் இல்லன்னா படகு இப்டித்தான் சுத்திக்கினு இருக்கும்."

படகைத் திருப்ப ஒரு பலகையா, அதற்குத்தானே துடுப்பு என்று தனசேகரன் வாதாடினார். ஆனால் முதுகெல்லாம் முள். கடைசியில் இறங்கி வந்தார்.

வெல்டிங் கடையில் ஒரு தகரத்தை வெட்டி வாங்கி, அவர் முதுகுக்குப் பின்னால் மாட்டி, இரண்டு கயிறுகளைக் காலில் கட்டினார்கள். அதுவரை சாவகாசமாகச் சுற்றிய படகு இப்போது கிரைண்டர் போலச் சுற்றியது. இடது கயிற்றை இழுத்ததும் துடுப்பு கைநழுவிப் போனது. வலதை இழுத்ததும் தூண்டில் போனது.

தகரம் சின்னது, அதான் என்றான் தமிழ்வேந்தன். வீட்டுக்கு ஓடி, பழைய ஏர்கூலரின் கதவைக் கழற்றி வந்து கட்டினான். இந்தத் தடவை படகு சுற்றவில்லை; அவரை அப்படியே கவிழ்த்தது. ஆகாயத்தாமரையைத் தலையில் சூடிக்கொண்டு அவர் எழுந்தபோது கரையில் மாமியார் வீடே நின்றது. மாமியார் வைத்த கையைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை.

"நான் அப்பவே வாணாம்னு சொன்னேன்," என்றார் தனசேகரன், வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு.

"வேணும் மாமா. இன்னும் பெருசா வேணும்."

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. கதவைப் பிடுங்கிக் கரையில் வீசினார். சுக்கான் இல்லாமலே நேராக ஓட்டிக் காட்டாவிட்டால் இந்த ஊரில் இனி தலைகாட்ட முடியாது. மிதந்து வந்த துடுப்பை எடுத்துக்கொண்டு, சொட்டச் சொட்டப் படகில் ஏறி, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

தமிழ்வேந்தனின் மனைவி கலையரசி அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். துண்டை நீட்டப் போனவள் படகையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏன்ணா, படகுல வரைஞ்சிருக்கிற மீனு முன்னாடி பாக்குது, நீங்க மட்டும் ஏன் பின்னாடி பாத்து உக்காந்துக்கினு இருக்கீங்க?"