வழி மறக்கும் கணினிகள்

"சார், என் மிஷின் மறுபடியும் வழிய மறந்துடுச்சு" என்று கடிதப் பிரிவு அம்மா போனில் சொன்னதும் கம்ப்யூட்டர் சாருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"எதையும் தொடாதீங்கம்மா. இதோ வந்துட்டேன்!"

அலுவலகக் கோப்புகள் எல்லாம் பின்கட்டடத்து சர்வரில் இருந்தன. அங்கே போக எந்த ரூட்டர் வழியாகப் போகவேண்டும் என்று மாடியிலிருந்த பதினெட்டுக் கணினிகளுக்கும் தனித்தனியாக ஒரு வரி அடித்துச் சொல்லவேண்டும். அணைத்துப் போட்டால் மறந்துவிடும். அந்த வரியோடு ஒரு கோடும் ஓர் எழுத்தும் சேர்த்து அடித்தால் ஜென்மத்துக்கும் மறக்காது. அதை அவர் சேர்ப்பதில்லை. சேர்த்துவிட்டால் அப்புறம் யார் கூப்பிடப்போகிறார்கள்?

அவருடைய அறை கீழ்த்தளத்தில், ஜன்னல்கூட இல்லாதது. வீட்டில் அவரும் ஃபிரிட்ஜும்தான். ஃபிரிட்ஜாவது அவ்வப்போது முனகும். காலையில் மாடிக்குப் போய், மேசை மேசையாக நின்று, "பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?", "மாமியார் கிளம்பிட்டாங்களா இல்லையா?" என்று விசாரித்து, ஸ்டோர்காரர் தரும் டீயைக் குடித்துவிட்டு இறங்கும்போது மணி பதினொன்றாகிவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

புது மேனேஜர் அதற்கு வேட்டு வைத்தார்.

"என்ன சார், தினமும் பதினெட்டு போனு? சாயங்காலத்துக்குள்ள நிரந்தரமா சரிபண்ணுங்க."

வேறு வழியில்லாமல் கோட்டையும் எழுத்தையும் சேர்த்தார். மறுநாள் போன் அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போன்தான் செத்துவிட்டதோ என்று தன் கைபேசியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். கணீரென்று அடித்தது. எடுத்து "ஹலோ" என்று வேறு சொன்னார்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் பூனை மாதிரி மாடி ஏறி, கடிதப் பிரிவு அம்மாவின் கணினியிலிருந்து அந்த வரியை அழித்தார். கீழே வந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று மணி ஆயிற்று, நான்கு மணி ஆயிற்று. ம்ஹூம்.

மறுநாள் போய்ப் பார்த்தால் வரி குத்துக்கல்லாட்டம் அதே இடத்தில் இருந்தது.

"அழிச்சேனே!" என்று தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி அழித்தார். கூடவே பக்கத்து மேசைகளில் நான்கையும் அழித்தார். போன் வரவில்லை, வரிகள் மட்டும் திரும்பி வந்துவிட்டன. அதற்கடுத்த நாள் வரியை விட்டுவிட்டு ரூட்டர் எண்ணை மாற்றிவைத்தார். அதையும் யாரோ திருத்தியிருந்தார்கள்.

மேனேஜர் ரகசியமாக வேறு ஆளை வைத்துவிட்டார் என்று முடிவுகட்டினார். மாடிப்படியில் எதிரே வந்த ஸ்டோர்காரர்கூடப் பார்க்காத மாதிரி போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஃபிரிட்ஜைத் தவிர யாரும் இல்லை என்ற தைரியத்தில், வாய்விட்டு அழுதார்.

வெள்ளிக்கிழமை, வருவது வரட்டும் என்று பதினெட்டையும் அழிக்கக் கிளம்பினார். பதினேழாவது மேசையில் குனிந்திருந்தபோது பின்னால் துடைப்பச் சத்தம். கூட்டிப் பெருக்கும் அக்கா நின்றிருந்தாள்.

"என்ன சார், இன்னைக்கு எல்லாத்தையுமா? ஒரு நாலஞ்ச விட்டுவைக்கக் கூடாதா? திரும்பப் போட்டு முடிக்கிறதுக்குள்ள எங்களுக்கு இடுப்பு ஒடிஞ்சுடும்."

"உங்களுக்கா? அப்ப புது ஆளு யாரும் இல்லையா?"

"எந்தப் புது ஆளு? நாங்களே முறை வச்சுப் போடுறோம். நேத்து ரெண்டு மிஷினுக்கு நான்தான் போட்டேன். இனிமே மாடியிலேருந்து ஒரு போன் போனாலும் உங்கள வேலையிலேருந்து தூக்கிடுவேன்னு மேனேஜர் எங்ககிட்ட சொல்லிட்டாரு. அதான் யாரும் மூச்சு விடல."

கம்ப்யூட்டர் சார் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்த ஒரு வாரத்துல எல்லாரும் எப்படிக்கா அந்த வரியக் கத்துக்கிட்டீங்க?"

"ஒரு வாரமா? நாலு வருஷமா எல்லாருக்கும் தெரியும்" என்றாள் அக்கா, குப்பையை வாரியபடியே. "கீழ தனியாவே உக்காந்திருக்கீங்களேன்னுதான் சார் தினமும் கூப்பிட்டோம்."