மச்சானை முந்தும் சிப்பு

இந்த முறை மலைச்சாலையில் மச்சானை முந்தாமல் விடுவதில்லை என்று குளியலறைக் கண்ணாடி முன் சபதம் செய்தேன். கண்ணாடி மறுபேச்சுப் பேசவில்லை. எங்கள் வீட்டில் என்னை எதிர்த்துப் பேசாதது அது ஒன்றுதான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். மாமியார் வீடு மலைக்கு அந்தப் பக்கம். இரண்டு குடும்பமும் கிளம்பினால், மூன்றாவது வளைவில் என் கார் மூச்சு வாங்கும். அவர் விர்ரென்று முந்தி, இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போவார். அந்த ஹாரன் எனக்குத் தூக்கத்தில்கூடக் கேட்கும்.

மெக்கானிக்கிடம் போனேன்.

"சார், வண்டிக்குக் காத்து பத்தல. இந்த ஃபில்டர் டப்பாவைக் கழட்டிட்டு காத்து நேரா உள்ள போற ஓப்பன் இன்டேக் போடுவோம். கூடவே ஒரு சிப்பு. இன்ஜினுக்கு எவ்ளோ பெட்ரோல் போகணும்னு அது பாத்துக்கும். சிறுத்தை மாதிரி பாயும்."

சிறுத்தையில் விழுந்தேன். ஆனால் மேலிடத்து அனுமதி வேண்டுமே.

"எதுக்கு இதெல்லாம்?" என்றாள் மனைவி.

"வண்டியோட ஆரோக்கியத்துக்கு."

"எங்க அண்ணனை முந்தறதுக்கா?"

"சேச்சே! அவர் யாரு, நான் யாரு!"

"அதைத்தான் நானும் கேக்கறேன். சரி, போட்டுக்கோங்க."

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

மாட்டிய அன்று ஒரு சிக்கல். சிப்பைப் போன் வழியாகத்தான் இயக்க வேண்டுமாம். சிக்கனம், சாதாரணம், அசுர வேகம் என்று மூன்று பட்டன். என் போன் கிழம். அந்த ஆப் ஏறவில்லை. மனைவியின் போனில் ஏற்றினோம்.

"அசுர வேகத்துல வெச்சுட்டு அப்புறம் தொடாதே."

"எனக்கென்னங்க தெரியும் இதெல்லாம்" என்றாள். கார் விஷயத்தில் அவள் அப்பாவி என்று நான் வெகுநாளாக நம்பி வந்தேன்.

இரண்டு குடும்பமும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினோம். இன்டேக் போட்ட உறுமலில் தெருவே திரும்பிப் பார்த்தது. மலையில் ஏறியதும் அழுத்தி மிதித்தேன்.

"பாத்தியா பவரை?"

"பறக்குதுங்க" என்றாள், போனைப் பார்த்தபடி.

பறந்துகொண்டிருந்த எங்களை முதலில் பால் வண்டி முந்தியது. அடுத்து, கோழிக்கூண்டு ஏற்றிய மினி லாரி. கோழிகள் என்னை அனுதாபத்தோடு பார்த்தன. மூன்றாவது வளைவில் மச்சான். இரண்டு ஹாரன்.

அழுகையே வந்துவிட்டது. ஓரங்கட்டினேன்.

"எந்தப் பட்டன்ல வெச்சிருக்கே?"

"சிக்கனத்துல."

"அடிப்பாவி! ஏன்?"

"உங்களுக்கு ரோஷம் வந்தா வளைவு கண்ணுக்குத் தெரியாது. நீங்க முழுசா வீடு வந்து சேரணும் எனக்கு."

இதற்கு எப்படிக் கோபப்படுவது?

"அப்போ நான் ஜெயிக்கவே வழியில்லையா?"

பாவமாகப் பார்த்தாள். "சரி, எறங்குங்க. நான் ஓட்டறேன்."

வளைவுகளை நிதானமாகத் தாண்டினாள். நேரான ஏற்றம் வந்தது. எங்கள் மேல் இரக்கப்பட்டு மச்சான் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தார். போனை என்னிடம் நீட்டி, "மூணாவது பட்டனை அமுக்குங்க" என்றாள். அமுக்கினேன். கார் நிஜமாகவே பாய்ந்தது. மச்சானின் வாய் திறந்திருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு ஹாரன் அடித்தாள்.

ஆக, மலைச்சாலையில் மச்சானை முந்திவிட்டேன், பக்கத்து சீட்டில், அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.