தூர் வாரியாகிவிட்டது, புறப்பட்டு வா

சடையங்குப்பம்,
புரட்டாசி கடைசி சனி

அன்புள்ள மலர்க்கொடிக்கு,

உன் வீட்டுக்காரன் டில்லிபாபு எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். நீ ஓசூரில் மகள் வீட்டில் சுகமாக இருப்பது மாயா அனுப்புகிற போட்டோக்களிலேயே தெரிகிறது, கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. மூன்று மாதமாக என் போனை நீ எடுப்பதில்லை என்பதால், முப்பது வருஷம் கழித்து உனக்கு மறுபடியும் கடிதம் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

போன வருஷ மழை நம் பீரோவையும் மாயாவின் கல்யாண ஆல்பத்தையும் கொண்டுபோனது போதாதென்று, ஆனி மாதம் பெய்த ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் வாசல்படி ஏறியதும், "கால்வாய தூர் வாராம இந்த வூட்டுப் படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிப் பையைத் தூக்கினாயே, அதற்கு மறுநாளே மாநகராட்சியின் போன் செயலியில் புகார் போட்டேன். முதல் இரண்டு போட்டோவில் கால்வாய்க்குப் பதில் என் கட்டைவிரல் விழுந்தது, மூன்றாவது தேறியது. நாலாம் நாள் ஓர் அதிகாரி வந்தார். நல்ல வெயில். உட்காரவைத்து டீ கொடுத்தேன். கால்வாயை எட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் போனுக்கு ஒரு எண் வந்திருக்கும், சொல்லுங்கள் என்றார். வீடு தேடி வந்த மனுஷனிடம் எப்படி இல்லையென்பது? சொன்னேன். எத்தனை நட்சத்திரம் என்று செயலி கேட்டது. வெயிலில் வந்தவருக்கு ஒன்று குறைக்க மனசு வரவில்லை, ஐந்தும் போட்டேன். ஒரு போட்டோ எடுத்தார், சிரித்தேன். அந்த எண்ணைச் சொன்னால் வேலை முடிந்தது என்று நாமே ஒப்புக்கொண்டதாக அர்த்தமாம். சாயங்காலமே 'புகார் தீர்க்கப்பட்டது' என்று வந்தது. ஆதாரம், டீ கிளாஸோடு நான் சிரிக்கிற படம். இப்படி மூன்று முறை, மூன்று பேர், மூன்று டீ, பதினைந்து நட்சத்திரம்.

பக்கத்து வீட்டு ஷம்ஷாத்துதான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு விஷயத்தை உடைத்தாள். எல்லாத் தெருப் புகாரையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். "இன்னா மாமா, ஊர்லயே சுத்தமான தெரு நம்மளுதாம். உங்க மூஞ்சிதான் அதுக்கு அத்தாட்சி" என்றாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அவளே பழைய பட்டியலையும் இறக்கினாள். ஒரு வருஷத்தில் நம் கால்வாயை நாலு முறை தூர் வாரியிருக்கிறார்கள். அதில் ஒரு தேதி, நாம் கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்த நாள். அதை அச்செடுத்து, நம் தெருவின் ஒன்பது வீட்டுக்காரர்களும் வார்டு கூட்டத்துக்குப் போய், தேதி தேதியாக நானே உரக்கப் படித்தேன். முதலில் வந்த அந்த அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். ஆளுக்கு அறுபது தெருவாம், பாவம், எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வீடும் எண்ணைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம்.

அடுத்த வாரமே வண்டியும் ஆட்களும் வந்தார்கள். மூன்று நாள் வேலை. உள்ளேயிருந்து ஒரு மெத்தையே வந்தது. நேற்றைய மழைக்குத் தெருவில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. சொல்லிக் காட்டக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், இத்தனையும் என் ஒருவன் முயற்சி. இனியாவது வா. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஒரே ஆளுக்கு ரசம் வைக்கிற அளவு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. மாயாவும் குழந்தையும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ப. டில்லிபாபு

பி.கு.: நீ நம்ப மாட்டாய் என்று, அத்தாட்சிக்குப் புகார் எண்ணையும் எழுதிவிட ஷம்ஷாத்தைப் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். என் புகார் மூன்றும் ஆடியிலேயே மூடிக் கிடக்கின்றன. வண்டி வந்தது வேறொரு புகாருக்காம். ஆபீசுக்குப் போன் செய்து சொன்ன புகார், பதினொரு திங்கட்கிழமை பதினொரு முறை. பேரை மறைத்திருக்கிறார்கள், சொன்னதை மட்டும் சொன்னபடியே டைப் செய்திருக்கிறார்கள்: "பச்ச கேட்டு வூட்ல ஒரு மனுசன் தனியா கீறாரு. முட்டி வலி. தண்ணி வந்தா கட்டில் மேல குந்திகினு இருப்பாரே கண்டி யாரையும் கூப்புட மாட்டாரு. மழைக்கு முன்ன தூர் வாருங்க சார்."

ஷம்ஷாத் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மிஷினுக்குத் திரும்பிவிட்டாள். என் போனை எடுக்காதவள் அந்த ஆபீசை ஒரு வாரம்கூட விடவில்லை. மேலே என் முயற்சி என்று எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். அந்தப் புகார் மட்டும் இன்னும் மூடவில்லை. கடைசி வரி இப்படி இருக்கிறது: 'புகார்தாரர் எண் தர மறுப்பு. நேரில் வந்து பார்த்த பிறகே தருவாராம்.'

எந்த ரயில் என்று மட்டும் சொல்லு, ஸ்டேஷனுக்கு வருகிறேன்.