சுடலைமுத்துவின் மண்ணீரல்

நோயாளியைக் குணப்படுத்திவிட்டு, அதற்காக நாலு பேர் நடுவில் தலைகுனிந்து நின்ற டாக்டர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஐம்பதுகளில் குமுளி மலைக்குக் கீழே ஒரு மருத்துவக் கல்லூரியில் எனக்குத் தற்காலிக ட்யூட்டர் வேலை. சொந்த ஊரான கல்பாத்தியில் அப்பா அதைப் 'புரொபசர்' என்று சொல்லி வைத்திருந்தார் (மறுக்க எனக்கென்ன பைத்தியமா?). பாடம் நடத்துவது பேராசிரியர். சார்ட் மாட்டுவது, வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கற்றுத் தருவது, இறுதிப் பரீட்சைக்கு நோயாளிகளைப் பிடித்து வருவது எல்லாம் என் தலையில். என் மாணவர்கள் தேறினால்தான் வேலை நிரந்தரம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

மலைக்காய்ச்சலில், அதாவது மலேரியாவில், மண்ணீரல் வீங்கிய ஆள் வேண்டும் என்றார் பேராசிரியர். குமுளிக்குப் பஸ் ஏறி, வண்டன்மேட்டு ஏலத்தோட்டம் ஒன்றில் சுடலைமுத்துவைக் கண்டுபிடித்தேன். நாலு விரற்கடைக்கு மண்ணீரல்! பரீட்சைக்கென்றே செய்து வைத்தாற்போல் இருந்தது. ஆனால் மனிதர் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை. கைப்பையிலிருந்த மாத்திரைகளைக் கொடுத்து, தவறாமல் சாப்பிடச் சொல்லி, இரண்டு மாதம் கழித்துப் பரீட்சைக்கு வரச் சொல்லிவிட்டு இறங்கினேன். (மாத்திரை சாப்பிட்டால் வீக்கம் வற்றும், வற்றினால் மண்ணீரல் கைக்குத் தட்டுப்படாது என்பது நானே வகுப்பில் சொல்லித் தந்த பாடம்.)

இறங்கியவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "வண்டன்மேட்டு ஆள் வந்தா மண்ணீரல், நாலு விரற்கடை. ஞாபகம் வச்சுக்கோங்கோ" என்று என் மாணவர்கள் ஆறு பேருக்கும் ஓதிவிட்டேன்.

பரீட்சையன்று காலை சுடலைமுத்து வந்தார். கன்னம் உப்பி, எண்ணெய் வைத்துத் தலைசீவி, கல்யாணத்துக்கு வந்தவர் போல இருந்தார்.

"அய்யா, ஒரு விசயம்..."

"மூச்! வாயைத் திறக்கப்படாது. பசங்களுக்கு நீர் ஒண்ணும் சொல்லிக் குடுக்கப்படாது" என்று கட்டிலில் படுக்க வைத்தேன்.

முதல் ஐந்து பேரும் அமுக்கினார்கள், புருவத்தைச் சுருக்கினார்கள், "மண்ணீரல், நாலு விரற்கடை" என்றார்கள். ஆறாவது, எங்கள் ஊர்ப் பக்கத்துச் சித்தூரில் விவசாயக் குடும்பத்துப் பெண் தெய்வானை. சுத்த மந்தம் என்று நான் முடிவு கட்டியிருந்தவள். நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தட்டுப்படலீங்க சார்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நன்னா அமுக்கிப் பாரும்மா!"

வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சகர் என் பக்கம் திரும்பினார். "எங்கே, நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கை வைத்தேன். வயிறு பஞ்சு மாதிரி இருந்தது. மண்ணீரலைக் காணோம். அந்த நிமிஷமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "இருக்கு சார். நாலு... ஒரு மூணரை விரற்கடை" என்றேன், முட்டாள்.

சுடலைமுத்துவுக்கே பொறுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தார். "அது போன மாசமே கரைஞ்சு போச்சுல்லா அய்யா! எல்லாம் ஒங்க மாத்திரைதான். காலையில சொல்ல வந்தேன், வாயத் தொறக்காதன்னுட்டிய" என்று என்னைக் கும்பிட்டார்.

தெய்வானை மட்டும் தேறினாள். மற்ற ஐவரும் ஆறு மாதம் கழித்து மறுபடி பரீட்சை எழுதினார்கள். என் வேலை போயிற்று. அந்த ஐவரில் ஒருவன் பின்னாளில் எனக்கு மைத்துனனாக வாய்த்தது என் தலையெழுத்து. எனக்கு முன்னால் கதை மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்றைக்கும், மழை வரும்போலிருக்கிறது என்று நான் கூடத்தில் சொன்னால் போதும், "தொட்டுப் பாத்தேளா, அப்பா?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்பாள். கோபம் கோபமாக வரும். ஆனாலும் வாசலில் இறங்கிக் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.